பழைய மவுண்டன் பைக் பிரேம்: பெயிண்ட் அடிக்க அவசரப்படாதீர்கள்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: பழைய இரும்புக் கடையில் 1990களின் மவுண்டன் பைக் பிரேம் இரண்டு இருக்கிறது, ஒன்று ஸ்டீல், ஒன்று அலுமினியம், இரண்டும் கீறலும் அழுக்குமாக இருக்கின்றன, கடைக்காரர் சேர்த்து 300 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) சொல்கிறார், வாங்கிப் பெயிண்ட் அடித்து விற்றால் கட்டுமா?

தம்பி, பெயிண்ட் அடிக்கவே அடிக்காதீர்கள். பழைய பிரேம் தேடுகிறவர்கள் அசல் பெயிண்டுக்கும் ஸ்டிக்கருக்கும்தான் காசு கொடுக்கிறார்கள். டாங்கே பிரஸ்டீஜ் என்று பாதி கிழிந்த ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் அதைச் சுரண்ட வேண்டாம், அது நல்ல ஜப்பான் குரோமோலி (உறுதியான கலப்பு ஸ்டீல்) குழாய் என்பதற்கு அடையாளம். நான் ஒருமுறை ஈப்போவில் பளபளவென்று இருந்த பிரேம் ஒன்றை என் மகன் ஓட்டுவதற்காக வாங்கி வந்து, பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தால் ஹேண்டில் அச்சு நுழையும் முன்குழாயான ஹெட் டியூபுக்குக் கீழே விரிசல். அன்றிலிருந்து புதுப் பெயிண்ட் அடித்த பழைய பிரேமை நான் வாங்குவதில்லை.

ஸ்டீல் பிரேமில் வெளித் துரு பெரிய விஷயமில்லை, உள்ளே இருப்பதுதான் ஆபத்து. மழைத் தண்ணீர் சீட்டுக்குக் கீழே நிற்கும் சீட் டியூப் வழியாக இறங்கி, பெடல் அச்சு இருக்கும் பாட்டம் பிராக்கெட்டில் தேங்கும். செம்பனைத் தோட்டத்தில் உர மூட்டை ஏற்றிய சைக்கிள் என்றால் இன்னும் மோசம், பொட்டாஷ் உரம் இரும்பை அரித்துவிடும். சீட்டைத் தாங்கும் கம்பியான சீட் போஸ்ட்டைக் கழற்றிவிட்டுப் பிரேமைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டுங்கள். தேயிலைத் தூள் மாதிரி கொஞ்சம் கொட்டினால் பரவாயில்லை, செதில் செதிலாக விழுந்தால் வேண்டாம். பாட்டம் பிராக்கெட்டையும் கழற்றிப் பார்க்க முடிந்தால் நல்லது, ஆனால் வலப்பக்கக் கப்பின் (அச்சைத் தாங்கும் திருகு வளையத்தின்) மரை பெரும்பாலும் தலைகீழாக இருக்கும், கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும்.

அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, ஹெட் டியூபுக்குப் பின்னால், அங்கிருந்து பெடல் பக்கம் இறங்கும் டவுன் டியூபின் அடிப்பக்கம் கட்டைவிரலை ஓட்டுங்கள். அங்கே லேசாகப் புடைத்தோ பெயிண்ட் சுருங்கியோ இருந்தால் அந்தச் சைக்கிள் எதிலோ நேராக மோதியிருக்கிறது. பின்சக்கரம் மாட்டும் இடத்திலிருந்து ஹெட் டியூபைச் சுற்றி மறுபக்கம் வரை நூல் கட்டி, சீட் டியூபுக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் பிரேம் கோணியிருக்கிறது என்று வையுங்கள்.

சீட் போஸ்ட் அசையவே இல்லையா? ஸ்டீலுக்குள் அலுமினியம் பிடித்துக்கொண்டால் கழற்றப் பல நாள் ஆகும், அப்படியிருந்தால் நான் பாதி விலைக்கு மேல் கொடுக்க மாட்டேன்.

அலுமினியத்தில் வெல்டிங் ஓரங்களை டார்ச் அடித்துப் பாருங்கள். முடி அளவு கோடு தெரிந்தாலும் வாங்காதீர்கள். விரிசல் விட்ட ஸ்டீலைப் பற்றவைத்துக்கொள்ளலாம், அலுமினியத்தைப் பற்றவைத்தால் அந்த இடம் பலமிழந்துவிடும், மறுபடி முறையாகச் சூடேற்றிப் பதப்படுத்த நம் பக்கத்துப் பட்டறைகளில் வசதியில்லை. அதை ஓட்டப்போகிறவன் யார் வீட்டுப் பிள்ளையோ.

இதெல்லாம் சரியாக இருந்தால் 300 வெள்ளி நல்ல விலைதான். அலுமினியத்தில் சந்தேகம் வந்தால் ஸ்டீலை மட்டும் கேட்டுப் பாருங்கள். விற்கும்போது சோப்புத் தண்ணீரில் கழுவி, பாட்டம் பிராக்கெட்டின் அடியில் உள்ள சீரியல் நம்பர், சீட் போஸ்ட்டில் அடித்திருக்கும் அளவு (27.2, 26.8 மாதிரி), ஒவ்வொரு பள்ளம், ஒவ்வொரு துரு, எல்லாவற்றையும் வெயிலில் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுங்கள்.