பழைய ரேஸ் காடிப் படங்கள்: கேட்டவர்களுக்குப் பதில்

மலேசியாவில், சிலாங்கூரில் இருக்கிற எங்கள் ஊர்ப் பேரைப் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினாலும் எங்கள் வாயில் பத்தாங் பெர்ஜுந்தைதான். தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருசம் ஸ்பேனர் பிடித்துவிட்டு, இப்போது கோப்பிக் கடையில் உட்கார்ந்து பழைய ரேஸ் காடி (கார்) படங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது என் வேலை. படம் இருந்தால் காட்டுங்கள் என்றேன். வந்த கேள்விகளில் சில இங்கே.

ஐயா, காடியில் 8 என்று பெரிதாக எழுதியிருக்கிறது. அதை வைத்து எந்தக் காடி என்று சொல்லிவிடலாமா? (ராஜா மூசா தம்பி)

முடியாது தம்பி. ரேஸ் நம்பர் திருவிழாவுக்குக் கட்டுகிற காப்பு மாதிரி. முடிந்ததும் அவிழ்த்துவிடுவார்கள், அடுத்த ரேஸுக்கு வேறு நம்பர். எந்த ரேஸ், எந்த வருசம் என்று முதலில் தெரிந்தால், அன்றைய பட்டியலில் 8க்கு நேரே யார் பேர் என்று பார்க்கலாம். அதையும் முழுசாக நம்பாதே. பட்டியல் முன்கூட்டியே அச்சாகிவிடும். ஆளும் காடியும் கடைசி நேரத்தில் மாறும்.

தென்னமரம் தோட்டத்தில் தாத்தா கிராணியாக (எழுத்தராக) இருந்தார். பிரெஞ்சுக்கார துரை ஒருவர் விட்டுப்போன ஆல்பம் எங்களிடம் இருக்கிறது. அதில் குதிரைலாடம் மாதிரி முகம் வைத்த காடி ஒன்று. புகாட்டியா அங்கிள்?

புகாட்டியேதான் தங்கச்சி. பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபாகோனியே 1917இல் செம்பனை நட்ட தோட்டமாயிற்றே, அங்கே பிரெஞ்சு துரையும் புகாட்டிப் படமும் இருப்பது அதிசயமில்லை. பட்டையான எட்டு ஆரம் வைத்த அலுமினியச் சக்கரம் தெரிகிறது. டைப் 35 குடும்பம். அது முதலில் ஓடியது 1924இல் லியோன் கிராண்ட் பிரியில். ஆகவே படம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது.

இனி பானெட்டின் வலப்பக்கம் பாருங்கள். வட்டமாக ஓர் ஓட்டை இருந்தால் உள்ளே சூப்பர்சார்ஜர், அதாவது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற பம்பு, இருக்கிறது. அதிக அழுத்தம் வெளியேறும் வழி அது. 35 பி, 35 சி, பிறகு வந்த 51 மூன்றுக்கும் அது உண்டு. 51இல் ஓட்டை கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும், பின்பக்கம் பெட்ரோல் மூடியும் பெரும்பாலும் இரண்டு.

இந்த ஓட்டையால் நான் பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருந்த ஒரு படத்தில் ஓட்டை இடப்பக்கம் இருந்தது. உலகத்திலேயே இப்படி ஒன்றுதான் என்று இரண்டு வருசம் கோப்பிக் கடையில் அளந்தேன். ஒருநாள் பள்ளிக்கூடப் பையன் ஒருவன், காடிக்குப் பின்னால் நின்ற ஆளைக் காட்டி, "தாத்தா, இவர் சட்டையில பட்டன் பொம்பளைங்க சட்டை மாதிரி இருக்கே" என்றான். நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்திருக்கிறார்கள்! காடியில் இருந்த நம்பர் 11. எந்தப் பக்கம் திருப்பினாலும் 11தானே, அதுதான் என்னை ஏமாற்றியது. அன்றிலிருந்து முதலில் சட்டையைப் பார்ப்பேன், பிறகுதான் காடியை.

படத்தில் காடி கறுப்பாக இருக்கிறது. கறுப்பு ரேஸ் காடி உண்டா அண்ணே?

சிவப்பாக இருக்கலாம். அந்தக் காலத்து ஆர்த்தோ ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. அதனால்தான் சிவப்பு விளக்கு வெளிச்சத்திலேயே அதைக் கழுவ முடிந்தது. அதில் இத்தாலிக்காரன் சிவப்பு கறுப்பாகவும், பிரெஞ்சுக்காரன் நீலம் வெளிறியும் விழும்.

அப்பா 1965இல் சிங்கப்பூர் தாம்சன் ரோட்டில் எடுத்த படம். ஜெயித்த ஆல்பர்ட் பூன் ஓட்டிய லோட்டஸ் 23தானே? 1963இல் ஜெயித்த அதே காடியா?

லோட்டஸ் 23தான். ஹாங்காங்கின் ஆல்பர்ட் பூன் அங்கே 1963, 1965 இரண்டு வருசமும் லோட்டஸ் 23இல் ஜெயித்தார். ஆனால் ஒரே ஆள், ஒரே மாடல் என்பதால் ஒரே காடி ஆகிவிடாது. 23 நூற்றுக்கு மேல் செய்யப்பட்டது.

சக்கரத்துப் போல்ட்டை எண்ணிப் பாருங்கள். முதலில் வந்தவற்றில் முன்னால் 4, பின்னால் 6. 1962இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேர ரேஸில் அதிகாரிகள் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள்: ஸ்பேர் டயர் இரண்டு பக்கமும் பொருந்தாது, ஓடக்கூடாது என்று. பின்பக்கத்தையும் 4 ஆக்கிக் கொண்டுபோனால், 6 வேண்டும் என்று நீங்களே போட்டது, 4 எப்படித் தாங்கும் என்று அதற்கும் மறுப்பு. லோட்டஸ் முதலாளி காலின் சாப்மன் இனி லெ மானுக்கே வரமாட்டேன் என்று போய்விட்டார். இரண்டு வருசத்துப் படங்களையும் பக்கத்தில் வைத்து, போல்ட், கண்ணாடி, ரிவெட் வரிசை, ஒட்டுப்போட்ட இடம் எல்லாம் ஒத்துப்போனால்தான் நான் தலையாட்டுவேன்.

சேசிஸ் பிளேட் (காடிச் சட்டத்தின் எண் போட்ட தகடு) நம்பர் இருந்தால் முடிந்தது கதை என்கிறார் என் மாமா.

மாமாவிடம் பணிவாகச் சொல்லுங்கள்: எல்லை தாண்டக் கஸ்டம்ஸ் பத்திரம் எந்தக் காடிக்குத் தயாராக இருந்ததோ, அந்தப் பிளேட்டைக் கழற்றி வேறு காடியில் அடித்துக்கொண்டு போன டீம்கள் உண்டு. அடுத்தவன் ஐசியை, அடையாள அட்டையை, காட்டிப் போகிற வேலைதான். பிளேட்டில் இருப்பது ரிவெட் நாலு. இரும்பில் விழுந்த காயத்தை அப்படிக் கழற்ற முடியாது.

ஆல்பத்துப் படங்கள் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டன.

பிய்க்காதீர்கள். ஆல்பத்தோடு அப்படியே ஸ்கேன் எடுங்கள். நெகட்டிவ் இருந்தால் பிரிண்டை விட அதுதான் தங்கம்.

இரண்டு எம்ஜி காடிப் படங்கள் ஐயா. ஒன்றில் பி நம்பர் பிளேட், இன்னொன்றில் ஏ. அப்போது இரண்டு காடிதானே? (புக்கிட் ரோத்தான் அக்கா)

பி சிலாங்கூர், ஏ பேராக். ஆனால் பிளேட் மாறக்கூடியது அக்கா. இரண்டும் எம்ஜியின் டிசி மாடல், 19 அங்குல கம்பிச் சக்கரம். பின்னால் வந்த டிடி மாடலுக்கு 15 அங்குலத் தகட்டுச் சக்கரம். டிசி பத்தாயிரம் செய்தார்கள், அதனால் மாடல் ஒத்துப்போவதில் பெருமை இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, இரண்டு படத்திலும் இடப்பக்கத்து பானெட்டில் முன்னாலிருந்து நாலாவது காற்றுப்பிளவின் கீழ்நுனி உள்ளே மடங்கியிருக்கிறது. அதற்கு நேர்கீழே மட்கார்டிலும் ஒரு சொட்டை. ஆகவே ஒரே காடியாகவே இருக்கலாம். ஆனால் பி பிளேட் படத்தில் ஒரு டயருக்கு மேல் நிழல் விழுந்து மறைக்கிறது. வேறு படம் இருந்தால், இடப்பக்கம் தெரிகிற மாதிரி ஒன்று கொண்டு வாருங்கள்.