கோஹிமா போகக் கடன் வாங்கலாமா?

கேள்வி: கோவையில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கைக்கு வரும் சம்பளம் மாதம் 62,000 ரூபாய். என் தாத்தா 1944-ல், இரண்டாம் உலகப் போரின்போது, நாகாலாந்தின் தலைநகரான கோஹிமாவில் போரிட்டுத் திரும்பியவர். ஓய்வூதியம் வாங்கும் 72 வயது அப்பாவை அங்கே அழைத்துப்போக ஆசை. மனைவியோடு சேர்த்து மூன்று பேர். டிசம்பர் முதல் வாரம் போனால் நாகா பழங்குடியினரின் ஹார்ன்பில் திருவிழாவையும் பார்த்துவிடலாம். 1,20,000 ரூபாய் ஆகும்போல் தெரிகிறது. 14 சதவீத வட்டியில் தனிநபர் கடன் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: கடன் வேண்டாம். முதலில் தேதியை மாற்றுங்கள்.

ஹார்ன்பில் திருவிழா டிசம்பர் 1 முதல் 10 வரை, கோஹிமாவிலிருந்து சுமார் 12 கிலோமீட்டரில் உள்ள கிசாமாவில் நடக்கிறது. அந்தப் பத்து நாளும் அறை வாடகை, டாக்ஸி, திமாப்பூர் விமானக் கட்டணம் எல்லாமே ஏறி நிற்கும். நீங்கள் பார்க்கப்போவது போர்க்களம். அது எந்த மாதத்திலும் அங்கேதான் இருக்கிறது. அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ போனால் மழை ஓய்ந்திருக்கும், கூட்டமும் இருக்காது. அதே அறைக்கு இரண்டு தேதிகளிலும் வாடகை கேட்டுப் பாருங்கள். செலவில் எவ்வளவு குறைகிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

இப்போது கடன் கணக்கு. 1,20,000 ரூபாயை 24 மாதத்தில் அடைத்தால் தவணை சுமார் 5,760. வட்டி மட்டும் 18,000 ரூபாய்க்கு மேல். பரிசீலனைக் கட்டணம் தனி. அதற்குப் பதிலாக வங்கித் தொடர் வைப்பில் (ஆர்டி) மாதம் 10,000 வீதம் 12 மாதம் போட்டால், 6.5 சதவீதத்தில் வட்டியாக 4,200 ரூபாய்க்கு மேல் உங்களுக்கு வரும். அஞ்சலகத் தொடர் வைப்பு ஐந்து வருடத்துக்கானது, இதற்குச் சரிப்படாது. கிரெடிட் கார்டின் 'வட்டியில்லாத் தவணை'யையும் நம்பிவிடாதீர்கள்: வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துக் கொடுத்தாலும், அந்த வட்டித் தொகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் கட்டணமும் சேரும்.

அப்பாவின் உடல்நிலை ஒரு வருடம் காத்திருக்க இடம் தராது என்றால், காத்திருக்காதீர்கள். கையில் உள்ள பணத்துக்குள் பயணத்தைச் சுருக்கிக்கொண்டு இந்த வருடமே போய் வாருங்கள். ஆனால் அவசரகாலப் பணத்தைத் தொடக்கூடாது.

எங்கே சுருக்கலாம்? நாகாலாந்தின் ஒரே விமான நிலையம் திமாப்பூர். அங்கே நேராகப் போகும் கட்டணத்தையும், கவுகாத்தி வரை விமானம், பிறகு திமாப்பூருக்கு ரயில் என்ற கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கன்னியாகுமரி–திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸ் கோவை வழியாகத் திமாப்பூர் போகிறது. ஆனால் 72 வயதுக்காரருக்கு அவ்வளவு நாள் ரயிலில் உட்காருவது தண்டனை, அதை விட்டுவிடுங்கள். விமானம் மாறிப் போவதானால் முழுப் பயணமும் ஒரே பிஎன்ஆரில் (ஒரே முன்பதிவு எண்ணில்) இருக்கட்டும். தனித்தனியாக எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிடும்போது அந்த டிக்கெட் பணம் போய்விடும்.

திமாப்பூரிலிருந்து கோஹிமா சுமார் 74 கிலோமீட்டர் மலைப்பாதை. ஷேர் டாக்ஸி மலிவுதான், ஆனால் அப்பாவுக்காகத் தனி வண்டி எடுங்கள். இந்தச் செலவில் கை வைக்க வேண்டாம். மழைக்காலத்தில் இந்தச் சாலையில் மண் சரியும். எப்போது போனாலும் திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவு திமாப்பூரிலேயே தங்குவதுபோல் திட்டமிடுங்கள்.

மூன்று பேருக்கும் தனித்தனியாக இன்னர் லைன் பெர்மிட் (வெளி மாநிலத்தவர் நாகாலாந்துக்குள் போவதற்கான அனுமதி) வேண்டும். ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். திரும்பும் தேதிக்கு மேல் ஒரு நாள் கூட்டிக் கேளுங்கள். அது கைக்கு வரும் வரை, ரத்து செய்தால் பணம் திரும்பாத அறையைப் பதிவு செய்யாதீர்கள்.

ஊரில் இரண்டு முழு நாள் போதும். காரிசன் மலையிலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. 1,420 காமன்வெல்த் வீரர்களின் கல்லறைகள் அங்கே இருக்கின்றன. தகனம் செய்யப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களுக்குத் தனி நினைவுச்சின்னம் உண்டு. துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்தில்தான் பிரிட்டிஷ் இந்தியப் படையும் ஜப்பானியப் படையும் எதிரெதிரே நின்று சண்டையிட்டன. அதன் கோடுகளை வெள்ளையாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். அந்த இடத்துக்கு மட்டுமே ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். தோட்டம் மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறுகிறது, அப்பாவை மெதுவாக அழைத்துப்போங்கள். மறுநாள் ஒரே வண்டியில் கிசாமாவின் போர் அருங்காட்சியகத்தையும், ஜப்பானியத் தளபதி சாட்டோ தங்கியிருந்த கிக்வெமா கிராமத்தையும் பார்த்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், வண்டியும் குறைவு. அன்றைக்குப் போய் இறங்காதீர்கள். கிராமங்களுக்குப் போகும்போது ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

இம்பாலை இதோடு சேர்க்காதீர்கள். மணிப்பூருக்குத் தனி அனுமதி வேண்டும். 2023-லிருந்து அங்கே நிலவும் பதற்றத்தில், முன்பணம் கட்டிய பிறகு சாலை மூடினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

கடைசியாக வரி. உங்கள் சம்பளத்தில் விடுப்புப் பயணப்படி (எல்டிஏ) இருந்து, நீங்கள் பழைய வரிமுறையில் இருந்தால், 2026–29 என்ற நான்காண்டுத் தொகுதியில் இரண்டு பயணங்களுக்கு விலக்கு கேட்கலாம். போக்குவரத்துக் கட்டணத்துக்கு மட்டும்தான். அறை, சாப்பாடு சேராது. அப்பா உங்களைச் சார்ந்திருந்தால்தான் அவர் டிக்கெட்டுக்கு விலக்கு. ஓய்வூதியம் வாங்குபவர் என்பதால், இதை அலுவலகக் கணக்குப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். போர்டிங் பாஸ்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.