4கே கேமரா வாங்கினால் கொக்கி மாட்டுமா?

பேரணாம்பட்டுப் பக்கம் போர்வெல் வேலை செய்யும் வாசகர் கேட்கிறார்: “போரில் கழன்று விழுந்த மோட்டாரை கேமராவில் பார்த்துக் கொக்கி போட்டு எடுக்கிறேன். பாதி நேரம் நழுவிவிடுகிறது. வி.கோட்டா ஏஜெண்ட் ஒருவர், செல்போனிலேயே படம் துல்லியமாகத் தெரியும் 4கே வைஃபை கேமரா வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?”

வேண்டாம். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் கண் சமாளித்துக்கொள்ளும். தாமதமாக வந்தால் கை திணறிவிடும்.

1960-களிலேயே அமெரிக்காவின் எம்ஐடியில் ஷெரிடன், ஃபெரல் என்ற இருவர், தூரத்திலிருந்து இயக்கும் இயந்திரக் கையை வைத்து இதைச் சோதித்தார்கள். தாமதம் இருக்கும்போது ஆட்கள் கொஞ்சம் நகர்த்தி, கையை நிறுத்தி, என்ன ஆனது என்று தெரிந்த அப்புறம்தான் மறுபடி நகர்த்தினார்கள். வேலை இழுக்கும், ஆனால் முடியும். பொறுமையில்லாதவர், கொக்கி இன்னும் போகவில்லை என்று நினைத்து மேலும் தள்ளுவார். அதற்குள் அது மோட்டாரை இடித்துச் சாய்த்திருக்கும். உங்களுக்கு இன்னொரு தாமதமும் உண்டு: மேலே கால் சுற்று திருப்பினால், நீளக் குழாய் முறுக்கேறிய பிறகே கீழே கொக்கி திரும்பும்.

4கே படத்தைச் சுருக்கி, வைஃபையில் அனுப்பி, செல்போன் விரித்துக் காட்டுவதற்குள் அரை நொடிகூடப் போய்விடலாம். ஏஜெண்ட் இதை வாயே திறக்கமாட்டார். அவரை மட்டும் சொல்லி என்ன? நான் பார்த்த டெண்டர் படிவங்களில் மெகாபிக்சலுக்குக் கட்டம் இருக்கிறது, தாமதத்துக்கு இல்லை. கொக்கியைத் தொட்டே பார்க்காதவர்கள் எழுதுகிற படிவம்!

நீங்களே அளக்கலாம். செல்போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு கேமரா முன் வையுங்கள். அதுவும் மானிட்டரும் சேர்ந்து விழும்படி இன்னொரு போனில் போட்டோ எடுங்கள். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் தாமதம். கால் நொடியைத் தாண்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

போருக்குள் இறக்கிய கேசிங் குழாயின் ஓட்டையையோ ஊற்றையோ பார்க்க மட்டும் என்றால் 4கே நல்லதுதான். கை எதையும் அசைப்பதில்லை. ரெக்கார்ட் செய்து வீட்டில் உட்கார்ந்தும் பார்க்கலாம். இரண்டு நொடி தாமதமானால் ஓட்டை ஓடிவிடாது. அதுவும் தண்ணீர் தெளிந்த பிறகு. கலங்கலில் எல்லாக் கேமராவும் ஒன்றுதான். கொக்கியை இறக்கிய நிமிஷமே இந்த விலக்கு போச்சு.

இருக்கிற கேமராவையே கொக்கிக் குழாயோடு சேர்த்துக் கட்டிப் பாருங்கள். தனியாகத் தொங்கினால் கேபிள் முறுக்கிக்கொண்டு இடம் வலமாகிவிடும். அப்படியும் புதிது வேண்டுமென்றால், கடையில் வாளித் தண்ணீரில் காட்டும் டெமோவை நம்பாதீர்கள். உங்கள் போரிலேயே இறக்கிக் காட்டட்டும். அட்வான்ஸ் அதற்குப் பிறகு.