எண்கள் பொருந்துகின்றன, நிறம் பொருந்தவில்லை

வாசகர் கேள்வி: விற்பனைக்கு வந்துள்ள லூகர் பி08 என்ற பழைய ஜெர்மன் கைத்துப்பாக்கி ஒன்றைப் பார்த்தேன். தோட்டா அறையின் மேல் 1936, டாகிளில் (மேலே முழங்கைபோல் மடங்கும் பூட்டில்) எஸ்/42. பாகங்களில் அடித்த வரிசை எண்கள் எல்லாம் ஒன்றே. மேகசின் (தோட்டாப் பெட்டி) எண் மட்டும் வேறு. ட்ரிக்கர் உட்பட முழுக்கப் பளபளக்கும் கருநீலம். அசல்தானா?

ட்ரிக்கர் கருநீலமாக இருப்பதுதான் இடிக்கிறது. எஸ்/42 என்பது ஒபர்ன்டோர்ஃப் மவுசர் ஆலையின் மறைகுறி. 1937-ன் நடுப்பகுதி வரை அங்கே மெல்லத் துருப்பிடிக்கவிட்டு நீலமேற்றினார்கள். ட்ரிக்கர், சேஃப்டி நெம்புகோல், கழற்றும் நெம்புகோல், மேகசின் பொத்தான் ஆகியவற்றைச் சூடேற்றி வைக்கோல் நிறமாக்கினார்கள். எல்லாவற்றையும் சூடான உப்புக் கரைசலில் முக்கிக் கருநீலமாக்கியது அதற்குப் பிறகு. ஆக, 1936 துப்பாக்கியில் இந்த ட்ரிக்கர் பழுப்புத் தங்க நிறமாகவோ, விரல் பட்டுத் தேய்ந்து சாம்பலாகவோ இருந்திருக்க வேண்டும்.

உறுதிசெய்ய உள்ளே பாருங்கள். மேகசினை எடுத்து, டாகிளை இழுத்து, அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் சோதியுங்கள். இதில் அலட்சியம் கூடாது: அறையில் தோட்டா இருந்தால், கழற்றிய மேல்பாகம் தனியாகவே சுடக்கூடும். பிறகு குழலைச் சற்றுப் பின்னுக்கு அழுத்தி, கழற்றும் நெம்புகோலைக் கீழே திருப்பி, பக்கத் தகட்டை எடுத்து, மேல்பாகத்தை முன்னே உருவுங்கள். பழைய முறையில் சட்டகத்தின் உட்புறமும் குழல் வாயின் முகப்பும் நீலம் ஏறாத வெறும் எஃகாகவே இருக்கும். அங்கேயும் கருமை என்றால், மொத்தமாக மறுபூச்சு கண்ட துப்பாக்கி அது.

பத்து மடங்கு லென்ஸில் முத்திரைகளைப் பாருங்கள். உளி அடித்த இடத்தில் ஓரம் மயிரிழை அளவு மேலெழும்பி நிற்கும். மெருகுச் சக்கரம் பட்டிருந்தால் அந்த விளிம்பு மழுங்கி, கழுகு வடிவ ராணுவ ஆய்வு முத்திரையின் இறகுக் கோடுகள் கரைந்து, எண்ணைச் சுற்றிக் குழி விழுந்திருக்கும்.

எண்கள் பொருந்துவதை மட்டும் நம்பாதீர்கள். முழு எண் சட்டகத்தின் முன்புறம், குழலின் அடிப்புறம், ரிசீவரின் (குழல் பொருந்தும் மேல்பாகத்தின்) இடப்பக்கம் என மூன்று இடங்களில் வரும்; சிறு பாகங்களில் கடைசி இரண்டு இலக்கம். பிடிப்பலகையின் உட்புறத்தையும் பார்க்க மறக்காதீர்கள். ஒரு பாகத்தின் 4 அல்லது 7 மட்டும் வேறு வடிவில் இருந்தாலோ, கீழே பழைய எண் அழித்த தடம் தெரிந்தாலோ, அது பின்னால் அடித்த எண். சோவியத் படை கைப்பற்றிய துப்பாக்கிகளைப் போருக்குப் பின் இப்படித்தான் கலந்து பூட்டி, எண்ணை மாற்றி, கருநீலத்தில் முக்கினார்கள். பலவற்றில் எக்ஸ் குறி இருக்கும். அதையும் தேடுங்கள்.

மேகசின் மாறியது சகஜம். அதற்காக ஒதுக்க வேண்டாம்.

உட்புறம், வாய் முகப்பு, கழுகு முத்திரை ஆகிய மூன்றின் நெருக்கப் படங்களை விற்பவரிடம் கேளுங்கள். உள்ளேயும் கருமை என்றால், சுடப் பயன்படும் துப்பாக்கிக்கான விலையே கொடுக்கலாம், சேகரிப்பு விலை அல்ல. வாங்கினால் ட்ரிக்கருக்கு மறுபடி வைக்கோல் நிறம் ஏற்ற முயலாதீர்கள்.