தாலிக்கொடியை யார் வாங்குகிறார்கள்?

மதிப்பிற்குரிய ஐயா,

நான் கொழும்பில் சந்தைப்படுத்தல் பயிலும் மாணவி. நகை வாங்குவோர் பற்றி ஓர் ஆய்வு செய்கிறேன். மரக்கறிக்குப் பத்து ரூபாய் பேரம் பேசும் எங்கள் வீட்டார், அண்ணாவின் கல்யாணத்துக்குக் கடன்பட்டுத் தாலிக்கொடி வாங்குகிறார்கள். பண்பாடு நுகர்வோரின் பகுத்தறிவை மழுங்கடிக்கிறதா?

வாசகி, வெள்ளவத்தை

அன்பின் மகளுக்கு,

மழுங்கடிக்கவில்லை என்றே உறுதியாக நம்புகிறேன். வாங்குபவர் ஒருவர், அவர் விலையையும் தரத்தையும் ஒப்பிட்டு முடிவெடுக்கிறார் என்றுதான் பாடங்கள் தொடங்கும். செட்டியார் தெரு நகைக்கடைகளில் அந்த ஒருவரை நான் கண்டதில்லை. சென்ற மாதம் என்னுடன் வந்த உறவினர், கொடியை உள்ளங்கையில் ஏந்திக் கனம் பார்த்தார். கனடாவிலுள்ள தமக்கைக்குக் கைபேசியில் காட்டினார். ஒன்பது பவுணா, பதினொன்றா என்று இருவரும் நெடுநேரம் பேசினார்கள், ஒற்றைப்படை எண்ணே வழக்கம் என்பதால் பத்து என்ற பேச்சே எழவில்லை. தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கான பொன்னுருக்குக்குப் பஞ்சாங்கம் பார்த்து நாள் வைத்தாயிற்று. ஆகவே விலை இறங்கட்டும் என்று காத்திருக்கவும் வழியில்லை. ஆனால் செய்கூலியிலும் சேதாரத்திலும் அவர் இலேசில் விட்டுக்கொடுக்கவில்லை. எதை, எப்போது வாங்குவது என்பதை வழக்கம் முடிவு செய்தது. எந்தக் கடையில், என்ன கூலிக்கு என்பதை உங்கள் வீட்டாரின் அதே மரக்கறிக் கணக்குத்தான் முடிவு செய்தது.

அந்த வழக்கத்துக்குள்ளும் அனுபவம் உறைந்திருக்கிறது. 1983 ஆடிக் கலவரத்தில் வீட்டை விட்டு ஓடியபோது என் அம்மாவிடம் மிஞ்சியவை கழுத்துக் கொடியும் இரண்டு காப்புகளும்தான். அந்தக் காப்புகளை அடைவு வைத்த காசில்தான் தம்பி மறுபடி பள்ளிக்கூடம் போனான். 2022இல் ரூபாய் சரிந்தபோதும், காசாகச் சேர்த்தவர்களின் சேமிப்பே கரைந்தது. பவுணாக வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். இதை அறிந்த ஒரு தாய் பொன்னை நாடுவதைப் பகுத்தறிவின்மை என்று என்னால் சொல்ல முடியாது.

கடன்படுவதை நான் ஆதரிக்கவில்லை. இரண்டு பவுண் குறைந்தால் சபையில் தலைகுனிவு என்ற அச்சமே பெரும்பாலும் அதற்குக் காரணம். அந்த அச்சம் வேறு, பொன்மேல் உள்ள நம்பிக்கை வேறு. பண்பாடு என்று நாம் சொல்வதெல்லாம் பழையதுமல்ல. என் சிறுவயதில் அட்சய திருதியைக்கு எங்கள் வீட்டில் எவரும் நகை வாங்கியதில்லை. இன்று அதுவே விளம்பரங்களில் பரம்பரை வழக்கமாகப் பேசப்படுகிறது.

உங்கள் ஆய்வுக்கான வினாக்கொத்தில் “ஏன் வாங்கினீர்கள்?” என்பதோடு நிறுத்தாமல், “வாங்குமுன் யாரிடம் கேட்டீர்கள்?” என்பதையும் சேருங்கள். முதல் ஆளாக உங்கள் அம்மாவிடமே கேட்டுப் பார்த்து, அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.