தங்க ஸ்பிரே வேண்டாம், கறுப்பிலிருந்து தொடங்குங்கள்

வணக்கம் அண்ணே. தோட்ட மண்டபத்துக்குச் செய்த பால்மர (ரப்பர்) தொழிலாளி ஃபைபர் சிலைக்கு வெண்கல ஸ்பிரே அடித்தும் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி இருக்கிறது, தோளில் உரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். உரிவது பெரும்பாலும், சிலை ஒட்டாமல் வர அச்சில் பூசிய மெழுகால்தான். பழைய பெயிண்டை எடுத்துவிட்டு அசெட்டோனில் துடைத்து, 320 எண் உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடியுங்கள், மாஸ்க் கட்டாயம்.

பழைய வெண்கலம் கிட்டத்தட்ட கறுப்பு. அதனால் முதலில் கருங்காப்பி நிறத்தில் மங்கல் பெயிண்ட், முழுக்க. காய்ந்ததும் வெண்கலத்தூள் கலந்த பெயிண்டைத் தூரிகையில் தொட்டு, துணியில் துடைத்துவிட்டு, வறண்ட தூரிகையால் மேடுகளில் மட்டும் உரசுங்கள்: மூக்கு நுனி, விரல் முட்டி, வாளி விளிம்பு. கை படுகிற இடம்தான் மின்ன வேண்டும், தலைப்பாகை மடிப்பு இருண்டே கிடக்கட்டும், அங்கே பசுநீலப் பெயிண்டைத் தண்ணீராகக் கரைத்துத் தடவி உடனே ஒற்றி எடுத்தால் அசல் களிம்பு பிடித்த மாதிரியே இருக்கும்.

பளபள வார்னிஷ் மட்டும் வேண்டவே வேண்டாம், அத்தனை உழைப்பும் போய்விடும். நானும் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம்தான், நம் வெயில் மழைக்கு மேட் கிளியர் (பளபளப்பில்லாத நிறமற்ற பூச்சு), அப்புறம் மெழுகு.

அடுத்த சிலைக்கு வெண்கலத்தூளை ஜெல்கோட்டிலேயே (ஃபைபருக்கு முன் அச்சில் பூசும் முதல் ரெசின் பூச்சு) கலந்து அச்சில் பூசுங்கள். எடுத்தபின் இரும்புக் கம்பளியால் தேய்த்தால் உலோகமே வெளியே வரும்.