ஆலயம் கூட்டும் பணி சிறியதல்ல, சகோதரி

அன்புச் சகோதரி, பூசை முடிவில் பாடகர் குழுவுக்கு நன்றி சொல்கிறார்கள். ஆலயம் கூட்டி, தண்ணீர் அள்ளி, நோயாளிகளைப் பார்த்துவரும் உங்களை ஒருவரும் நினைப்பதில்லை, அருவிவெட்டு (நெல் அறுவடை) நாளிலும் அழைக்கிறார்கள், விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாசித்தபோது மனம் கனத்தது.

2009இல், போரில் இடம்பெயர்ந்தவர்கள் இருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் என் அம்மா காய்ச்சலோடு கிடந்தார். பக்கத்துக் கூடாரத்து ஆச்சி எங்களுக்கும் சேர்த்துத் தண்ணீர் வரிசையில் நின்றார். அந்நாட்களில் கேட்ட மறையுரை ஒன்றுகூட நினைவில்லை. ஆச்சியின் நீல வாளி நினைவிருக்கிறது.

புனித பவுல் 1 கொரிந்தியர் 12:28இல் பிறருக்கு உதவும் கொடையைக் குணமளிக்கும் கொடைக்கு அடுத்தே வைக்கிறார். திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்தில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை. அப்போது நல்மனமுள்ள ஒருவர் தலையில் எல்லாவற்றையும் கட்டவில்லை. சபை கூடி ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தது. பங்குத்தந்தையிடம் நேரே பேசுங்கள். கூட்டுவதையும் தண்ணீரையும் அன்பியங்கள், அதாவது பங்கின் சிறு குடும்பக் குழுக்கள், வாரம் மாறிப் பொறுப்பேற்கட்டும். அருவிவெட்டு நாளில் முடியாது என்று சொல்லுங்கள், அது பாவமில்லை.

நோயாளிகளைப் பார்ப்பதை மட்டும் விடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். போரில் பிள்ளைகளை இழந்து தனித்திருக்கும் முதியவர்கள் நம் வன்னியில் எத்தனை பேர்! உங்கள் சைக்கிள் சத்தத்துக்காக யாரோ படலையைப் பார்த்தபடி இருப்பார். அடுத்த முறை பாடகர் குழுப் பிள்ளை ஒன்றையும் கூட்டிச் செல்லுங்கள்.